தங்கமா, வெள்ளியா: முறுக்கு நானோதுகளுக்கு எது?

மண்டபம், பாம்பன் கரையில், இடமாகவோ வலமாகவோ முறுகிய இந்த நுண்ணிய உலோகத் துகள்களால் கடல்நீர் உணரி (சென்சார்) செய்ய நினைப்பவர் முதலில் தடுமாறும் இடம் இது.

ஒளி: வெள்ளியின் வட்ட இருநிறச் சிகரம் (இடம், வலம் சுழலும் ஒளிகளை விழுங்குவதில் வேறுபாடு உச்சமாகும் அலைநீளம்) கூர்மை, 400 நானோமீட்டர் (ஊதா-நீலம்) அருகிலும் கிடைக்கும். தங்கம் சுமார் 500-க்குக் கீழே ஒளியை விழுங்கிவிடும்.

மாற்றியமைத்தல்: தங்கத்தில் எளிது. துகளுக்கு முறுக்கு தரும் எல்-குளூட்டாதயோன் மூலக்கூறுக்குப் பதில் அதன் கண்ணாடிப் பிம்பமான டி-வகை சேர்த்தால், இடம்புரிச் சங்கு வலம்புரியானதுபோல் சிகரத்தின் குறி (+, −) புரளும். வளர்ச்சிக்குத் தொடக்கமாக இடும் விதைத்துகளைக் குறைத்தால் துகள் பெரிதாகி, சிகரம் சிவப்புப் பக்கம் நகரும்.

ஆயுள்: உப்புக்காற்றின் குளோரைடும் சேற்றுக் கந்தகமும் வெள்ளியைக் கெடுக்கும். சில நானோமீட்டர் அலுமினா (அலுமினிய ஆக்சைடு) பூசலாம். ஒளிவிலகல் எண் கூடிச் சிகரம் நகரும் என்பதால் பூசிய பிறகே அளவிடுங்கள். தங்கம் அரிக்காது. ஆனால் பூச்சில்லாத கூழ்மம் (நீரில் மிதக்கும் துகள்கள்) கடல்நீரில் திரண்டுவிடும்; தயோல்-பெக் (தங்கத்தில் ஒட்டும் பாலிமர்) பூச்சு கட்டாயம்.

கடல்நீருக்குத் தங்கம்தான். மூடிய பெட்டிக்குள் நீல ஒளி வேலைக்கு வெள்ளி.