தெர்மோஸ்டாட்டா, சென்சாரா, ஒயரா? கூலன்ட் வெப்பநிலைக் கோளாறு: ஓர் ஒப்பீட்டு அலசல்

காரின் வெப்பநிலை முள் பாதிக்கு மேலே ஏறினால் எல்லோரும் பதறுவோம். பாதிக்குக் கீழேயே நின்றால் யாரும் கவலைப்படுவதில்லை. நானும் படவில்லை. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடிய பெட்ரோல் கார் 14-க்கு இறங்கியபோதுதான் உறுத்தியது. பிறகு இன்ஜின் எச்சரிக்கை விளக்கும் எரிந்தது. பட்டறையில் ஸ்கேனரை மாட்டியதும் பி0128 என்ற குறியீடு வந்தது. கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், எட்ட வேண்டிய சூட்டை எட்டவில்லை என்று அதற்குப் பொருள். தெர்மோஸ்டாட், அதாவது சூடானபின் கூலன்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு, போய்விட்டது என்று சொல்லி அதை மாற்றினார்கள். ஒரு வாரத்தில் விளக்கு மறுபடி எரிந்தது. அப்படியானால் சென்சார்தான் என்று அதையும் மாற்றினார்கள். மறுபடி எரிந்தது. மூன்றாவதாக இசியுவை, அதாவது இன்ஜின் கணினியையே, மாற்றிப் பார்க்கலாமா என்று பேச்சு எழுந்தபோது காரை வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டேன்.

கடைசியில் அகப்பட்ட குற்றவாளி, சென்சாருக்குப் போகும் ஒயரின் முனையில் பச்சை பூத்துக் கிடந்த கடுகளவு செம்பு. அதைக் கண்டுபிடிக்க என்னென்ன வழிகள் இருந்தன, அவற்றில் எது எங்கே ஏமாற்றும், எதற்குக் காசு செலவழிக்கலாம் என்பதைத்தான் இங்கே எடைபோடுகிறேன்.

சென்சார் பேசும் மொழி

கூலன்ட் வெப்பநிலை சென்சாருக்குள் இருப்பது ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை இறங்கும். போஷ் வகை சென்சாரில் 20 டிகிரி செல்சியஸில் சுமார் 2,500 ஓம் இருக்கும். 40 டிகிரியில் 1,180, அறுபதில் 600, எண்பதில் 320, நூறில் 190 என்று சரியும். வேறு தயாரிப்புகளில் எண்கள் மாறினாலும் வளைவின் போக்கு ஒன்றுதான். இசியு தனக்குள் இருக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட் அனுப்பிவிட்டு, சென்சார் ஒயரில் எத்தனை வோல்ட் நிற்கிறது என்று பார்த்துச் சூட்டைக் கணக்கிடுகிறது. குளிர்ந்த இன்ஜினில் பெரும்பாலும் 2 முதல் 3 வோல்ட் இருக்கும், நன்றாகச் சூடானபின் அரை வோல்ட்டை ஒட்டி வந்துவிடும்.

அந்த வளைவை இன்னொரு முறை பாருங்கள். குளிரில் ஒவ்வொரு டிகிரிக்கும் பல பத்து ஓம்கள் மாறுகின்றன. சூட்டில் பத்து ஓம்கூட மாறுவதில்லை. ஆகவே கனெக்டரில் துரு பிடித்து 200 ஓம் கூடுதல் தடை சேர்ந்துவிட்டால், காலைக் குளிரில் இசியுவுக்கு 3 டிகிரி பிழைதான் தெரியும். இன்ஜின் 82 டிகிரியில் ஓடும்போதோ, அதே 200 ஓம் அதை 66 என்று நம்பவைக்கும். இன்னும் மோசம் ஒன்று உண்டு. இன்ஜின் 120 டிகிரிக்குக் கொதித்தாலும் சென்சாரின் 114 ஓமோடு இந்த 200-ம் சேர்ந்து, இசியுவுக்கு அது 80 டிகிரியாகத்தான் தெரியும். ரேடியேட்டர் மின்விசிறியை ஓடவிட வேண்டும் என்று அதற்குத் தோன்றவே தோன்றாது. என் காரில் ஏசி எப்போதும் ஓடியதால் மின்விசிறியும் கூடவே ஓடியது. அதனால் தப்பித்தேன். ஏசி போடாமல் ஓட்டுகிற சிக்கனக்காரராக இருந்திருந்தால் இன்ஜின் கொதித்து சிலிண்டர் ஹெட் கேஸ்கெட் கெட்டுப்போவதில் போய் முடிந்திருக்கும்.

முழுக்கச் செத்த சென்சார் இத்தனை சூது செய்யாது. உள்ளே இணைப்பு அறுந்துவிட்டால் ஸ்கேனரில் −40 டிகிரி வரும், பி0118 பதிவாகும். ஒயர்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டால் 130, 140 என்று எகிறும், பி0117 வரும். இரண்டிலும் பல கார்களில் மின்விசிறி சாவியைத் திருப்பியதிலிருந்தே ஓயாமல் சுற்றும். அது பாதுகாப்புக்கான ஏற்பாடு. பாதி செத்துப் பாதி பொய் சொல்கிற சென்சாரும், துருப்பிடித்த இணைப்பும்தான் ஆளைச் சுற்றவிடுகின்றன.

மாற்றிப் பார்ப்பதா, அளந்து பார்ப்பதா

பொருளை மாற்றிப் பார்க்கும் வழியைக் கேலி செய்வது சுலபம். ஆனால் சென்சார் விலை சில நூறு ரூபாயாக இருந்து, அது கைக்கெட்டும் இடத்தில் இருந்து, கார் பத்து வருடம் ஓடியதாகவும் இருந்தால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. சிக்கல் எங்கே என்றால், மாற்றியபின் சரியாகாவிட்டால் நம் கையில் எந்தத் தகவலும் மிஞ்சுவதில்லை. புதுச் சென்சாரும் தரமற்றதா, ஒயரில் கோளாறா, தெர்மோஸ்டாட்டா என்ற கேள்விகள் அப்படியே நிற்கும். என் காரில் இரண்டு பொருள்களை மாற்றிய பிறகும் நோய் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஸ்கேனர் வழி அதைவிட எத்தனையோ மேல். இந்தியாவில் 2013-க்குப் பிறகு வந்த கார்கள் அநேகமாக எல்லாவற்றிலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகும் 16 முனை ஓபிடி துளை இருக்கிறது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் புளூடூத் கருவியைச் செருகினால் கைபேசியிலேயே கூலன்ட் சூட்டையும் உள்ளிழுக்கும் காற்றின் சூட்டையும் படிக்கலாம். இரவு முழுக்க நின்ற காரில், ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி இரண்டையும் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். திருநெல்வேலியில் சித்திரை மாதக் காலையில் காற்று 29, கூலன்ட் 8 என்று காட்டினால் வேறு சாட்சியே வேண்டாம். (அந்த −40-இல் மாயம் எதுவும் இல்லை. ஓபிடி விதிப்படி கூலன்ட் சூடு 0 முதல் 255 வரையுள்ள ஒரே எண்ணாகப் போகிறது. அதிலிருந்து நாற்பதைக் கழித்தால் டிகிரி. பூஜ்யம் வந்தால் −40.)

ஸ்கேனருக்கும் கண்மறைப்புகள் உண்டு. அது காட்டுவது இசியு நம்புகிற சூட்டை. இன்ஜினின் உண்மையான சூடு அதற்குத் தெரியாது. சில கார்களில் கோளாறு பதிவானதும் இசியு ஒரு மாற்று எண்ணை வைத்துக்கொண்டு ஓட்டும், திரையிலும் அதுவே வரும். என் காரில் காலைச் சோதனை கூலன்ட் 25, காற்று 28 என்று வந்தது. யாராக இருந்தாலும் தேர்ச்சி என்றுதான் சொல்வார்கள். சூடான பிறகு எத்தனை ஓட்டினாலும் 66-ஐத் தாண்டவில்லை. தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கிக்கொண்டாலும் இதேதான் நடக்கும் என்பதால் பட்டறைக்காரர்கள் முதலில் அதன்மேல் சந்தேகப்பட்டதைத் தவறு என்று சொல்லமாட்டேன். ரேடியேட்டரின் மேல் குழாயைக் கையால் தொட்டுப் பார்க்காததுதான் தவறு. தெர்மோஸ்டாட் மேல்குழாய்ப் பக்கம் இருக்கும் இன்ஜின்களில், அது நல்லதாக இருந்தால் குழாய் வெகுநேரம் குளிர்ந்தே இருந்து, 80-ஐத் தாண்டியதும் சட்டென்று சுடும். சிக்கியிருந்தால் ஸ்டார்ட் செய்ததிலிருந்தே மெல்ல மெல்லச் சூடாகும். செலவில்லாத சோதனை இது. மின்விசிறியிலிருந்து கையைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் இன்னும் நல்லது. கொரோனாவுக்கு வாங்கிய நெற்றி வெப்பமானி உதவாது, அது உடல் சூட்டுக்கு மட்டுமே. தொழிற்சாலைகளில் பயன்படுத்தும் கருவியாக இருந்தாலும் பளபளக்கும் அலுமினியத்தைக் காட்டினால் குறைத்துத்தான் சொல்லும். ஒரு துண்டு கருப்பு டேப்பை ஒட்டி அதன்மேல் காட்ட வேண்டும். தெர்மோஸ்டாட் மூடிமேல் ஒட்டிய டேப்பில் எனக்கு 80 வந்தது, அதே நேரம் கைபேசியில் 66. அந்த நொடியே தெர்மோஸ்டாட் நிரபராதி என்று தெரிந்துவிட்டது.

மீதி வேலையை மல்டிமீட்டர் முடித்தது. இதில் இரண்டு வகை உண்டு, இரண்டாவதைப் பலரும் செய்வதில்லை. முதல் வகையில் சூடான இன்ஜினில் கனெக்டரைக் கழற்றி, சென்சாரின் இரு முனைகளுக்கிடையே ஓம் அளக்க வேண்டும். எனக்கு 305 வந்தது, அதாவது 82 டிகிரி. சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது. கேட்பவர் காதில் எங்கோ மாறுகிறது. இரண்டாவது வகையில் கனெக்டர் மாட்டியபடியே, சாவி திருப்பியபடியே அளக்க வேண்டும். மீட்டரின் கருப்பு முனையை பேட்டரியின் மைனஸில் வைத்து, சிவப்பு முனையில் ஒரு குண்டூசியைச் சேர்த்து, கனெக்டரின் பின்புறமாக கிரவுண்ட் முனையை, அதாவது மைனஸ் பக்க ஒயரின் முனையை, தொட்டேன். 0.05 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் 0.37 இருந்தது. அதே ஒயரை இரண்டு அங்குலம் தள்ளித் தொட்டால் 0.02. நடுவே இருந்த அந்த இரண்டு அங்குலத்தில்தான் மூன்று வார அலைச்சலும் அடங்கியிருந்தது.

மீட்டர் கையில் இல்லாத நேரத்துக்கு ஒரு குறுக்குவழி: கனெக்டரைக் கழற்றினால் ஸ்கேனர் −40-க்குப் போக வேண்டும், கனெக்டரின் இரு துளைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தால் உச்சத்துக்குப் போக வேண்டும். இரண்டும் நடந்தால் ஒயர்கள் அறுபடவில்லை என்று கொள்ளலாம். ஆனால் 200 ஓம் துருவை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது, அது சுலபமாகத் தப்பித்துவிடும். செய்வதற்கு முன் இரண்டு ஒயர் சென்சார்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மூன்று, நான்கு ஒயர் வகைகளில் எதை எதோடு இணைக்கிறோம் என்று தெரியாமல் கைவைக்கக் கூடாது.

சரிசெய்வதில் எது மேல்

துருப்பிடித்த இணைப்புக்குப் பலரும் கையில் எடுப்பது கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே. பிளக்கின் முகப்பில் பச்சை படிந்திருந்தால் அது போதும். ஒயரும் தகடும் அழுத்திச் சேர்க்கப்பட்ட இடத்துக்குள் துரு இறங்கிவிட்டால் ஸ்பிரே அங்கே நுழையாது. இரண்டு நாள் சரியாக ஓடி மூன்றாம் நாள் பழைய கதை தொடங்கும். அங்கே ஒயரை வெட்டிவிட்டு, சிறு ஒயர் வாலோடு கூடிய புதுக் கனெக்டரைச் சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கும் குழாயைப் போர்த்துவதுதான் வழி. முறுக்கி டேப் சுற்றுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இன்ஜின் சூட்டில் அந்தப் பசை உருகி வழிந்து, அடுத்த மழையிலேயே தண்ணீர் உள்ளே போகும்.

சென்சாரே கெட்டிருந்தால் கார் நிறுவனத்தின் பெட்டியில் வருவதா, வெளியில் விற்கும் பெயர்பெற்ற தயாரிப்பா, பெயரில்லாததா, சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் கிடைக்கும் பழையதா என்ற கேள்வி வரும். முதல் இரண்டுக்கும் இடையே ஓட்டத்தில் பெரிய வித்தியாசத்தை நான் பார்த்ததில்லை, விலையில்தான் பார்த்திருக்கிறேன். பெயரில்லாததையும் பழையதையும் வாங்குவதானால் கடை மேசையிலேயே மீட்டரை வைத்து அளக்கலாம். 30 டிகிரி வெயிலில் போஷ் வகை சென்சார் 1,700 ஓமை ஒட்டிக் காட்ட வேண்டும். பிறகு அதன் முனையை உள்ளங்கையில் பொத்திப் பிடித்தால் எண் தடங்கலில்லாமல் இறங்க வேண்டும். துள்ளினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும். முள்ளுக்குப் போகும் ஒற்றை ஒயர் சென்சாரும் இசியுவுக்குப் போகும் இரண்டு ஒயர் சென்சாரும் ஒரே இன்ஜினில் அருகருகே இருக்கும் கார்கள் உண்டு. கழற்றியதைக் கையோடு எடுத்துப் போனால் மாறிப்போகாது.

சென்சாரைத் தூக்கி எறிந்துவிட்டு 300 ஓம் ரெசிஸ்டரைக் கட்டிவைக்கும் வித்தையும் ஒன்று இருக்கிறது. இன்ஜின் எப்போதும் 80 டிகிரியில் இருப்பதாக இசியு நினைத்துக்கொள்ளும், மின்விசிறியை மறந்துவிடும். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

மாட்டும் வேலை சிறியது, அவசரம்தான் கெடுக்கும். இன்ஜின் முழுதாகக் குளிர்ந்தபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றி, மறுபடி மூடிவிட்டால் சென்சாரைக் கழற்றும்போது குறைவாகவே சிந்தும். துளையைப் பெருவிரலால் அடைத்துக்கொண்டு மறுகையால் புதியதைத் திருகிவிடலாம். செம்பு வாஷரோ ரப்பர் வளையமோ எதுவானாலும் புதிது போட வேண்டும். ஒற்றை ஒயர் சென்சாரின் மரையில் டெஃப்லான் டேப் சுற்றினால் கிரவுண்ட் கெட்டு முள் தடுமாறும், அதன் இணைப்பே மரை வழியாகத்தான். பிறகு கூலன்டை நிரப்பிக் காற்றை வெளியேற்ற வேண்டும். சென்சாரின் முனையில் காற்றுக்குமிழி நின்றால் புதியதும் பொய் சொல்லும். கூலன்டுக்குப் பதில் போர்வெல் தண்ணீர் ஊற்றிப் பழகியவர்கள், கழற்றிய சென்சாரின் முனையில் சுண்ணாம்பு படிந்திருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

புதுக் கனெக்டரைப் பொருத்திய மறுநாள் ஏசியை அணைத்துவிட்டு, வெயிலில் காரை நிறுத்தி இன்ஜினை ஓடவிட்டேன். 84, 90, 95 என்று ஏறியது. அதைத் தாண்டியதும் மின்விசிறி இரைந்தது. பல மாதங்களாக அந்தச் சத்தத்தை ஏசி இல்லாமல் கேட்டதில்லை.

பட்டறையில் கழற்றிக் கொடுத்த பழைய தெர்மோஸ்டாட்டையும் பழைய சென்சாரையும் ஒரு அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, வெப்பமானியோடு அடுப்பில் ஏற்றிப் பார்த்தேன். (ஊட்டியில் இருப்பவர்கள் கவனிக்க: 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிப்பை 100 என்று வைத்துக்கொண்டால் நல்ல சென்சாரும் கெட்டதாகத் தெரியும்.) தெர்மோஸ்டாட் தன்மேல் பொறித்திருந்த 82-இல் சரியாக வாய் திறந்தது. சென்சார் 80-இல் 322 ஓம் காட்டியது. இரண்டிலும் ஒரு குறையும் இல்லை, அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. கூலன்டில் கிடந்த சாமான்களைப் போட்ட பாத்திரம் என்பதால் அதை அம்மா மறுபடி சமையலறைக்குள் விடவில்லை. அது சரிதான், எத்திலீன் கிளைக்கால் விஷம். இப்போது அதில் நட்டுகளையும் போல்ட்டுகளையும் போட்டு வைத்திருக்கிறேன்.