கிளட்ச் செட் மாற்றச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்

நான் இருப்பது வண்டிப்பெரியாரில். வண்டி 2006 மாடல் மாருதி 800. 15 வருஷம் முடிந்து, ரிஜிஸ்ட்ரேஷனைப் புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். சமீபம்வரை கிளட்ச் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது இடது காலுக்கு உள்ளது என்பதுதான். அந்த லட்சணத்துக்கு 8,500 ரூபாய் அழுதேன்.

கம்பத்தில் மாமியார் வீட்டுக்குப் போய்விட்டு திங்கள் விடியக்காலையில் திரும்பிக்கொண்டிருந்தோம். லோயர் கேம்ப் தாண்டி குமுளி மலை ஏறும்போது, மின் நிலையத்துக்கு இறங்கும் பெரிய குழாய்கள் தெரியுமே, அந்தப் பக்கம் வண்டி மக்கர் செய்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்ஜின் மட்டும் கத்துகிறது, வேகம் ஏறவில்லை. கருகல் வாடை வேறு. பின்னால் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் ஹாரனை விடாமல் அடிக்கின்றன. ஒரு வழியாக கேரள எல்லையில் இருக்கும் குமுளி வந்து, கண்ணில் பட்ட ஒர்க்‌ஷாப்பில் விட்டேன்.

மெக்கானிக் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான் சொன்னதைக் கேட்டார், மோந்து பார்த்தார். "பிளேட் காலி சார். செட்டா மாத்திருவோம்" என்றார். இன்ஜினின் சுழற்சியைக் கியர் பாக்ஸுக்குக் கடத்துவது கிளட்ச் பிளேட், அதை அழுத்திப் பிடிப்பது பிரஷர் பிளேட், பெடலை மிதிக்கும்போது அந்தப் பிடியை விடுவிப்பது ரிலீஸ் பேரிங். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் செட். (இதில் மலையாளி, தமிழர் பேச்சைக் கொண்டுவர வேண்டாம். அவர் பேசியது அச்சு அசல் நம்ம தேனிப் பக்கத்துத் தமிழ்.) சாயங்காலம் வண்டி ரெடி. பில் போட்டால் வரி சேரும் என்றார், சரி வேண்டாம் என்றேன். பழைய பிளேட்டைக் கேட்டேன். கன்னங்கரேலென்று ஒன்றைச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார். பிடுங்கிய சொத்தைப் பல்லைப் பார்க்கிற மாதிரி ஒரு நிம்மதி எனக்கு.

ஐந்தே வாரம். அதே ஏற்றம், அதே வாடை. இந்தத் தடவை அப்படியே கம்பத்துக்குத் திருப்பினேன். மச்சான் ஒரு வயதான மெக்கானிக்கிடம் கூட்டிப்போனார்.

அவர் செய்த முதல் வேலை, குனிந்து கிளட்ச் பெடலைக் கையால் அழுத்தியதுதான். "தம்பி, நீங்களும் அமுக்கிப் பாருங்க" என்றார். தொட்ட உடனே கெட்டியாக எதிர்த்தது. "இதுல லூசு எங்க இருக்கு? கொஞ்ச தூரம் சும்மா எறங்கி, அப்புறம்ல கனமாகணும்?" என்றார். அந்த லூசுக்குப் பெயர் ஃப்ரீ பிளே. எத்தனை மில்லிமீட்டர் என்று வண்டியோடு வரும் புத்தகத்திலேயே இருக்கும். 800-இல் கிளட்சை இழுப்பது கேபிள். பிளேட் தேயத் தேய இந்த லூசு குறைந்துகொண்டே வரும். லூசே இல்லாமல் போனால், காலை எடுத்த பிறகும் கிளட்ச் பாதி மிதித்த கணக்குதான். பிளேட் முழுசாகப் பிடிக்காமல் வழுக்கும், கருகும். கிளட்ச் மேல் காலை வைத்தபடியே ஓட்டும் என்னைப் போன்றவர்கள் காலாலேயே அதைச் செய்துகொள்கிறோம்.

பானெட்டைத் திறந்தார். கேபிள் முனையில் இருந்த நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, பெடலை அமுக்கிப் பார்த்து, மறுபடி ஒரு திருகு. பத்து நிமிஷம், 100 ரூபாய்.

அப்புறம் ஒரு சோதனை செய்து காட்டினார். சமதளத்தில், முன்னால் ஆளோ வண்டியோ இல்லாத இடமாக நிறுத்தினார். ஹேண்ட் பிரேக்கை இறுக்கி இழுத்து, மூன்றாவது கியர் போட்டு, லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்துக்கொண்டே கிளட்சை மெதுவாக விட்டார். இன்ஜின் உதறி நின்றது. கிளட்ச் பிடிக்கிறது என்று அர்த்தம். கிளட்சை முழுசாக விட்ட பிறகும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது. அப்படி ஓடினால் உடனே அணைத்துவிட வேண்டும். திரும்பத் திரும்பச் செய்து பார்த்தால் இருக்கிற பிளேட்டும் போய்விடும். லூசு சரியாக இருந்தும் வழுக்கினால்தான் பிளேட்டைச் சந்தேகப்பட வேண்டும். அப்போதும், ஆயில் சீல் (எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் வளையம்) கசிந்து பிளேட் நனைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சீலை விட்டுவிட்டு பிளேட்டை மட்டும் மாற்றினால் புதுசும் நனையும்.

கிளட்சை முழுசாக மிதித்தும் ரிவர்ஸ் கியர் கரகரவென்று விழுந்தால் அது நேர் எதிர்க் கோளாறு, கிளட்ச் விடவில்லை. கேபிள் தளர்ந்திருக்கலாம், இழை அறுந்துகொண்டிருக்கலாம். சத்தம் வருகிறதென்றால், மிதிக்கும்போது வருவது பெரும்பாலும் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் வந்து, மிதித்ததும் நின்றால் கியர் பாக்ஸ் பக்கத்துப் பேரிங்காக இருக்கலாம். அதற்கு கிளட்ச் செட் மாற்றி ஒரு பிரயோஜனமும் இல்லை.

கிளம்பும்போது டிக்கியில் கிடந்த சாக்கை நினைத்து, எடுத்துக் காட்டினேன். அவர் பிளேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைக்குள் போய் ஒரு 800 பிளேட்டை எடுத்துவந்து அதன்மேல் வைத்தார். சின்னத் தட்டைப் பெரிய தட்டில் வைத்த மாதிரி சுற்றிலும் மிச்சம் நின்றது. "இது ஜீப்போடது தம்பி. உங்க வண்டிக்குள்ள நுழையவே நுழையாது."

குமுளிக்காரரிடம் போய்க் கேட்டேன். "சாக்கு மாறியிருக்கும் சார்" என்றார், முகத்தில் ஒரு சலனமும் இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடச் சொன்னான் ஒரு நண்பன். கையில் பில் இல்லாமல் என்னவென்று சொல்வது?

இப்போது வண்டி ஒழுங்காக மலை ஏறுகிறது. உள்ளே இருப்பது புது பிளேட்டா, 2006-இலிருந்து கூட வருகிற பிளேட்டா என்றுதான் தெரியவில்லை. புது பிளேட் படியும்போதும் லூசு கொஞ்சம் குறையலாமாம், அதனால் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்கிறார் கம்பத்துக்காரர். பார்த்தே ஆக வேண்டுமென்றால் கியர் பாக்ஸை இறக்க வேண்டும். அதற்குக் கூலி தனி.