பக்கத்து வீட்டு நாயும் மாட்டாஸ்பத்திரியும்: தருமபுரி, கிருஷ்ணகிரியில் எது கிடைக்கும், எதற்கு வெளியே போகணும்

பல மாதமாக யாரும் கவனிக்காமல் சங்கிலியில் கிடக்கும் நாட்டு நாய்க்கு வேண்டிய வைத்தியத்தில் பெரும்பகுதி நம்ம ஊர் அரசு கால்நடை மருந்தகத்திலேயே முடிந்துவிடும். மீதிக்குத்தான் காசு வேண்டும். அந்தக் காசும் பாதி நேரம் தப்பான இடத்துக்குப் போகிறது. எலும்பும் தோலுமாக நிற்கும் நாய்க்கு முதலில் டானிக் பாட்டிலும் வாசனை ஷாம்பும் வாங்குகிறார்கள். உண்ணி மருந்தும் பூச்சி மாத்திரையும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போகின்றன. வயிற்றில் புழுவும் காதில் உண்ணியும் இருக்கும்வரை டானிக் அவற்றுக்குத்தான் தீனி.

கிளை நிலையம், மருந்தகம், மருத்துவமனை, பன்முக மருத்துவமனை என்று துறையில் படிகள் உண்டு. ஊருக்கு எல்லாமே மாட்டாஸ்பத்திரிதான். பெயருக்கேற்றபடி மாட்டுக்குத்தான் அங்கே முதல் மரியாதை. சினை ஊசிக்கு வந்த பசுவும், மடிவீக்கத்துக்கு வந்த எருமையும், வயிறு உப்பிய ஆடும் முடிந்த பிறகுதான் நாயின் முறை. அதைக் குறையாகச் சொல்ல முடியாது, பாலை நம்பிப் பிழைக்கும் மாவட்டங்கள் இவை. கோமாரி தடுப்பூசி போடும் நாட்களில் டாக்டர் ஊர் ஊராகப் போய்விடுவார். அதனால் பாலக்கோடோ, அரூரோ, பர்கூரோ, ஊத்தங்கரையோ, எந்த ஊராக இருந்தாலும் நாயை ஆட்டோவில் ஏற்றுவதற்கு முன் டாக்டர் இருக்கிறாரா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். 1962 என்ற இலவச எண்ணில் வரும் நடமாடும் வண்டியும் முக்கியமாக ஆடு மாடுகளுக்கானது. பெரிய கால்நடை படுத்துவிட்டால் அது வரப்பிரசாதம். நாய்க்கு அதை நம்பி உட்கார வேண்டாம்.

நாய் உங்களுடையது இல்லை என்பதால் முதல் வேலை சொந்தக்காரரிடம் பேசுவது. சொல்லாமல் அவிழ்த்துக்கொண்டு போனால் திருட்டு என்று பேச்சு வரும், அதோடு வாசற்கதவும் மூடிவிடும். “உங்க நாயை இப்படிப் போட்டு வெச்சிருக்கீங்களே” என்று ஆரம்பித்தால் அன்றோடு சரி. “அண்ணா, சனிக்கிழமை வெறிநாய் ஊசிக்குப் போறோம், அப்படியே மணியையும் கூட்டிட்டுப் போய்ட்டு வந்துடறோம், நீங்க ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க” என்றால் பத்தில் எட்டுப் பேர் சரி என்பார்கள். நாயைப் பிடித்துக்கொள்ள அவர் வீட்டு ஆள் ஒருவர் கூட வந்தால் இன்னும் நல்லது. வலியில் இருக்கும் நாய் பழக்கமில்லாத கையைக் கடிக்கும். கருத்தடை மாதிரி மயக்கம் கொடுத்துச் செய்யும் வேலைக்குச் சொந்தக்காரர் சம்மதம் இருந்தே ஆகவேண்டும்.

கிளம்புமுன் எடை தெரிய வேண்டும். பூச்சி மாத்திரை, உண்ணி மாத்திரை, ஊசி எல்லாமே கிலோ கணக்கு. வீட்டுத் தராசில் நீங்கள் ஏறி ஒரு தடவை, நாயைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை பார்த்துக் கழித்துக்கொள்ளலாம். தூக்க முடியாத நாய் என்றால் மண்டியிலோ தவிட்டுக் கடையிலோ மூட்டை நிறுக்கும் தராசு போதும். கண்ணால் பார்த்துச் சொல்லும் எடை, மெலிந்த நாய் விஷயத்தில் அநேகமாகத் தப்பும். உயரத்தைப் பார்த்து 20 கிலோ என்போம், தராசு 13 காட்டும்.

வாய்க்கட்டுக்குக் கடைக்கு ஓட வேண்டாம். பழைய வேட்டியில் 4 விரல் அகலத்தில் ஒன்றே கால் மீட்டர் கிழித்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு தளர்ந்த வளையம் போட்டு, நாயின் மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவே மாட்டி, முடிச்சு மேலே வரும்படி இறுக்குங்கள். இரண்டு முனைகளையும் தாடைக்குக் கீழே கொண்டுபோய் ஒரு முடிச்சு, பிறகு காதுக்குப் பின்னால் உருவு முடிச்சு. காதுக்குப் பின்னால் கட்டாவிட்டால் முன்னங்காலால் ஒரே இழுப்பில் கழற்றிவிடும். ஊசி போடும் சில நிமிடங்களுக்கு மட்டும்தான் இந்தக் கட்டு. வாய் திறந்து மூச்சிரைத்துத்தான் நாய் உடல் சூட்டைக் குறைக்கும். சித்திரை வெயிலில் அரை மணி நேரம் வாயைக் கட்டி வரிசையில் நிறுத்தினால் நோயே வேண்டாம், சூடே கொன்றுவிடும்.

மாட்டாஸ்பத்திரி நன்றாகக் கைகொடுக்கும் இடம் புழு வைத்த புண். ஈ முட்டையிட்டு ஒரு நாளுக்குள் புழு வந்துவிடும். காது மடலும், கழுத்துப்பட்டை உரசிய இடமும், வால் அடியும்தான் அதிகம். இதற்கு வீட்டில் பினாயில், மண்ணெண்ணெய் ஊற்றுவது இன்னும் நடக்கிறது. புழுவோடு சதையும் வெந்து, நாய் அதை நக்கி விஷமும் ஏறும். மருத்துவமனையில் சுற்றியுள்ள முடியை வெட்டி, மருந்து ஸ்ப்ரே அடித்து, புழு மேலே வந்ததும் இடுக்கியால் எடுப்பார்கள். ஆழத்தில் இருப்பவை அன்றே முழுதாக வராது. அடுத்த மூன்று நான்கு நாள் வெளிச்சத்தில் புண்ணை விரித்துப் பார்க்க வேண்டும், முதல் நாளோடு விட்டுவிட்டால் மறுபடி அதே கதைதான். குட்டியில் போட்ட கயிறு கழுத்தில் புதைந்திருந்தால் வீட்டில் இழுக்கவே கூடாது. அது மயக்க ஊசி போட்டு வெட்டி எடுக்கும் வேலை. புதுப் பட்டை போடும்போது இரண்டு விரல் தாராளமாக உள்ளே போக வேண்டும்.

சொறிக்கும் அங்கேயே ஊசி உண்டு, செலவும் குறைவு. ஒரு ஊசியில் போகாது, இரண்டு வார இடைவெளியில் மறுபடி போட வேண்டியிருக்கும். ஐவர்மெக்டின் ஊசி நாட்டு நாய்க்குப் பொதுவாக ஒத்துக்கொள்ளும். கோலி வகை நீள மூக்கு நாய்களுக்கு ஆபத்து, கலப்பினம் என்று சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சில வகைச் சொறி மனிதருக்கும் கொஞ்ச நாள் அரிப்பு கொடுக்கும், கையுறை போட்டுத் தொடுங்கள்.

உண்ணி விஷயத்தில்தான் காசு செலவழிக்கத் துணிய வேண்டும். உடம்பில் தெரிவது கொஞ்சம். மீதி சுவர் வெடிப்பிலும், கட்டிப்போட்ட கம்பத்தடியிலும், படுக்கும் கோணிப்பையிலும் இருக்கும். நாயை மட்டும் சுத்தம் செய்தால் பத்து நாளில் பழையபடி ஆகிவிடும். கோணியை எரித்துவிட்டு, சுவருக்கும் தரைக்கும் மருந்தை லேபிளில் போட்ட அளவில் தண்ணீர் கலந்து அடியுங்கள். மாட்டு உண்ணி மருந்தைத் தண்ணீர் கலக்காமல் நாய் முதுகில் தேய்ப்பது இந்தப் பக்கம் அதிகம் நடக்கும் தப்பு. சற்று நேரத்தில் எச்சில் ஒழுகும், உடம்பு நடுங்கும். அதே வீட்டில் பூனை இருந்தால் இன்னும் மோசம். நாய்க்குக் கொடுக்கும் மாத்திரைகளில் ஃப்ளூராலானர் சுமார் 12 வாரம் தாங்கும், அஃபோக்சோலானர் ஒரு மாதம். ஒரு மாத்திரை விலையைக் கேட்டால் தலை சுற்றும். மூன்று மாதத்துக்கு வகுத்துப் பாருங்கள், நாலு வீடு பங்கு போட்டால் டீ செலவுதான். பெரிய நாய்க்கான மாத்திரையை உடைத்து இரண்டு நாய்க்குக் கொடுக்கும் சிக்கனம் வேண்டாம். வலிப்பு வந்த நாய் என்றால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லணும்.

ஈறு வெளுத்து, சோற்றைத் தொடாமல், காய்ச்சலோடு, சில சமயம் மூக்கில் ரத்தம் வந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனை வசதி இல்லாத மருந்தகத்தில் அறிகுறியை வைத்தே டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதுவார்கள். வழக்கமான அளவு கிலோவுக்கு 10 மில்லிகிராம், 15 கிலோ நாய்க்கு நாளுக்கு 150. மனிதருக்கான அதே மருந்துதான், எனவே சீட்டைக் காட்டி மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ இருக்கிறதா என்று கேளுங்கள், விலை இறங்கும். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி வரும். சோற்றுக்குள் வைத்துக் கொடுத்து, பின்னால் தண்ணீரும் குடிக்க வைக்கணும், தொண்டையில் ஒட்டினால் புண்ணாகும். 28 நாள் கணக்கு இது. ஐந்தாம் நாள் நாய் வாலாட்டிச் சாப்பிடும், அன்றே மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், அடுத்த மாதம் திரும்ப வரும்போது நோய் எலும்பு மஜ்ஜை வரை போயிருக்கலாம். பாரசிட்டமால், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் எதையும் நாமாகக் கொடுக்கக் கூடாது.

வெறிநோய்த் தடுப்பூசிக்கு மாட்டாஸ்பத்திரியே போதும். ஜூலை 6 விலங்கிலிருந்து பரவும் நோய்கள் தினம், செப்டம்பர் 28 வெறிநோய் தினம். இந்த நாட்களை ஒட்டி அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடுவது வழக்கம். வெளியே வாங்கிப் போடுவதாக இருந்தால் மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பிளாஸ்கில் ஐஸ் பையைத் துணியில் சுற்றி, அதன் மேல் குப்பியை வையுங்கள். ஐஸ் நேராகப் பட்டு உறைந்தால் மருந்து வீண், சட்டைப் பையில் வெயிலில் வந்தாலும் வீண். காய்ச்சலில் இருக்கும் நாய்க்கு அன்று ஊசி வேண்டாம், பூச்சி மாத்திரை கொடுத்து ஒரு வாரம் தேற்றிவிட்டுப் போடுங்கள். பிரசிக்வாண்டல் கலந்த பூச்சி மாத்திரைகள் பெரும்பாலும் 10 கிலோவுக்கு ஒன்று என்ற கணக்கு.

இதற்கிடையில் நாய் கடித்துவிட்டால், பல் லேசாகக் கீறினாலும், குழாய்த் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையம் போங்கள். ஊசி இலவசம். தோலில் போடும் முறையில், முதல் ஊசி நாளை 0 என்று வைத்து, 0, 3, 7, 28 ஆகிய நாட்கள். நாயை அடித்து விரட்டாமல், வெறிநோய் அறிகுறி வருகிறதா என்று 10 நாள் கட்டிப் பார்க்க வேண்டும்.

சாப்பாட்டுக்கு மூட்டைத் தீனி அவசியமில்லை. இந்தப் பக்கம் நாய்க்குக் களியும் மோரும்தான். ராகியில் தப்பில்லை, அது மட்டும்தான் என்பதே தப்பு. 15 கிலோ நாய்க்கு நாளுக்குச் சுமார் 850 கலோரி. 150 கிராம் ராகி மாவோ அரிசியோ, 2 முட்டை, 100 கிராம் வேகவைத்த கோழி இறைச்சி சேர்ந்தால் கணக்கு நேராகும். வேகவைத்த எலும்பு உடைந்து குடலைக் குத்தும், எடுத்துவிடுங்கள். வெங்காயம் கூடாது. கிருஷ்ணகிரிப் பக்கம் சீசனில் மாங்கொட்டை இன்னொரு எமன். விழுங்கிய நாய் வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தால் அது குடலடைப்பு. பல நாள் பட்டினி கிடந்த நாய்க்கு முதல் நாளே வயிறு முட்டப் போட்டால் உடம்பு தாங்காது. நாளுக்கு நாலு வேளை கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பித்து, ஒரு வாரத்தில் முழு அளவுக்கு வரலாம்.

எக்ஸ்ரே, ஸ்கேன், எலும்பு முறிவு, குடலடைப்பு என்றால் சின்ன மருந்தகத்தில் நேரத்தைக் கரைக்க வேண்டாம். மாவட்டத் தலைநகரின் பெரிய மருத்துவமனையில் கேட்டுவிட்டு, அங்கே இல்லையென்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள். தருமபுரிக்காரர்களுக்குச் சேலம் வழி நேர் சாலைதான். ஓசூர், தேன்கனிக்கோட்டைக்காரர்களுக்குப் பெங்களூரு ஹெப்பால் கல்லூரி கிட்டம். கல்லூரியில் மாணவர்கள் நாலு பேர் சுற்றி நின்று பார்ப்பார்கள், நேரம் எடுக்கும், ஒரு நாளை அதற்கே ஒதுக்க வேண்டும். தனியார் கிளினிக்கின் பலம் மாலை நேரமும் ஞாயிற்றுக்கிழமையும். பார்வோ (ரத்தக் கழிச்சல் நோய்) உள்ளிட்ட கூட்டுத் தடுப்பூசிக்கும் பெரும்பாலும் அங்கேதான் போகவேண்டி வரும். உள்ளே போனதும் மொத்தம் எவ்வளவு ஆகும், எது இன்றே அவசியம், எது அடுத்த மாதம் என்று கேட்டுவிடுங்கள். கேட்டால் பிரித்துச் சொல்லத் தயங்கும் இடத்துக்கு இரண்டாவது தடவை போக வேண்டியதில்லை.

சட்டம் இருக்கிறது. 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் போதிய தீனி, தண்ணீர், நிழல் தராததும், குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டுவதும் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய், இரண்டு டீயும் வடையும். அந்த 50 ரூபாய்க்காகச் சொந்தக்காரரைப் பகைத்துக்கொண்டால் நாய்க்கு இருந்த ஒரே வாசலும் போய்விடும். அடி உதை, காயம், பட்டினிச் சாவு என்று போனால் மட்டும் போட்டோவும் தேதியும் வைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போங்கள்.

ஊசி போட்ட அட்டையைச் சொந்தக்காரர் பெயரில் எழுதச் சொல்லி, அவர் வீட்டிலேயே கொடுத்துவிடுங்கள். மருந்தின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா, அடுத்த தேதி எழுதியிருக்கிறதா என்று பார்த்து ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் போதும். அட்டை தொலையும், தேதி உங்கள் வீட்டு நாள்காட்டியில் இருக்கட்டும்.