காங்கயம் பக்கத்து மரச்செக்கு கடை: ஒரு வருசமா எண்ணெய் வாங்குன அனுபவம்

காங்கயத்துல இருந்து சென்னிமலை போற ரோட்டுல ஒரு மரச்செக்கு கடை இருக்குதுங்க, போர்டு கூட கெடையாது, வேப்பமரத்தடில ஒரு தகர செட்டு, வாசல்ல கடலக்காய் மூட்ட அடுக்கிருக்கும், அதான் அடையாளம். போன வருசம் தை மாசத்துல இருந்து வீட்டுக்கு கடலெண்ணெய், நல்லெண்ணெய் ரெண்டுமே இங்கதான் வாங்கறோம். ஒரு வருசம் பொழங்கிப் பாத்துட்டுத்தான் எழுதோணும்னு இருந்தேன்.

மொதல்ல எண்ணெய். ஆட்டுனதும் ட்ரம்முல ஊத்தி வெயில்ல ரெண்டு மூணு நாள் தெளிய விடறாங்க, அப்படியும் கேன் அடில கொஞ்சம் மண்டி நிக்கும், அத பாத்து பயப்படாதீங்க. மூடியத் தொறந்தாலே உரிச்ச பச்சக்கடல வாசம். முறுக்கு சுடறப்ப நொரை பொங்கி வரும், பாக்கெட் எண்ணெய்ல பழகுன கைக்கு அது புதுசா இருக்கும், பெரிய வடச்சட்டியா வெச்சுக்கோங்க. மூணு மாசத்துக்கு மேல வெச்சா காறல் அடிக்குது, அதனால கொஞ்சங் கொஞ்சமா வாங்கறதே நல்லது.

வெலைதான் எல்லாரும் கேக்கறது. போன வாரம் கடலெண்ணெய் லிட்டர் 290 ரூவாய்க்கு வாங்குனேன். ரேசன்ல பாமாயில் 25 ரூவாய்க்கு கெடைக்கறப்ப இது எதுக்குன்னு எங்க வீட்லயே கேட்டாங்க. ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ரெண்டரை கிலோ பருப்பு வேணுமுங்க, அந்தப் பருப்பு வெலைய போட்டுப் பாத்தாலே கணக்கு புரிஞ்சுரும், அதுல கூலி, கரண்டு எல்லாம் இருக்குது. ஆனா நான் இந்த வெலைய மனசார குடுக்கறதுக்கு வேற ஒரு காரணம் இருக்குது, அத சொல்லோணும்னா நைஜீரியாவுக்கு போகோணும்.

2012ல இருந்து ஒம்பது வருசம் போர்ட் ஹார்கோர்ட்ல ஜெனரேட்டர் மெயின்டனன்ஸ் வேல பாத்தனுங்க. நாடே கச்சா எண்ணெய்ல ஓடுது, ஏத்துமதில வர்ற காசுல பெரும்பகுதி அதுதான், ஆனா எங்க பேக்டரில ஒரு நாளைக்கு பாதி நேரம் ஜெனரேட்டர்தான். சாயங்காலம் கரண்டு வந்தா தெருவுல இருக்கற பசங்க ஒட்டுக்கா 'அப் நேப்பா'ன்னு கத்துவாங்க, நேப்பாங்கறது அங்க பழைய மின்வாரியத்தோட பேரு. அந்தச் சத்தம் இப்பவும் காதுல இருக்குது. கச்சா எண்ணெய வெளிநாட்டுக்கு வித்துட்டு பெட்ரோல கப்பல்ல எறக்கி வாங்குவாங்க, ஏன்னா போர்ட் ஹார்கோர்ட், வாரி, கடுனான்னு கவர்மென்ட் சுத்திகரிப்பு ஆலைங்க இருந்தும் ஒழுங்கா ஓடல. 2023 மே மாசம் புது ஜனாதிபதி டினுபு பதவியேத்த அன்னிக்கே பெட்ரோல் மானியம் இல்லைன்னு சொன்னாரு, 200 நைராவுக்குள்ள இருந்த லிட்டர் அப்படியே 500 பக்கம் போயிருச்சு. கூட வேல பாத்த பையன் வாட்ஸ்அப்ல அழுவாத கொறையா பேசுனான், பஸ்சுக்கே சம்பளம் பத்தலைன்னு. 2024ல டங்கோட்டேங்கற தனியார் சுத்திகரிப்பு ஆலை, தெனம் ஆறரை லட்சம் பேரல் சுத்திகரிக்கற கொள்ளளவு, ஓட ஆரம்பிச்ச பொறவுதான் உள்ளூர் பெட்ரோல்னு ஒண்ணு பெருசா வருது. 1956ல ஒலோயிபிரில எண்ணெய் கண்டுபுடிச்சாங்க, நடுவுல எத்தன வருசம் போச்சு பாருங்க.

செக்குக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னா, அந்த நாடு ஒரு காலத்துல கடலக்காய்க்குப் பேர் போன நாடுங்க. எங்க டிரைவர் ஒருத்தரு வடக்க இருக்கற கானோ பக்கத்து ஆளு, செல்போன்ல பழைய போட்டோ காட்டுவாரு, கடலக்காய் மூட்டைய அடுக்கி அடுக்கி கோயில் கோபுரமாட்ட நிக்கும், ஒரு கோபுரத்துக்கு 15,000 மூட்ட வரைக்கும் போகும்னு சொல்லுவாங்க, ரயில்ல ஏத்தி துறைமுகத்துக்கு போகும். தெக்க பனையெண்ணெய், மேக்க கோகோ. 1973-74ல கச்சா எண்ணெய் வெல நாலு மடங்கு ஏறுச்சு, காசு கொட்டுச்சு, எதையும் எறக்குமதி பண்ணிக்கலாம்னு ஆயிருச்சு, காட்டு வேலைய விட்டுட்டு சனம் டவுனுக்கு கெளம்பிருச்சு. பஞ்சமும் வந்துச்சு, 1975ல கடலச் செடிக்கு நோவும் வந்துச்சு, அதையும் சேத்துத்தான் சொல்லோணும். ஆனா நோவு வந்த வெள்ளாமைய மறுபடியும் தூக்கி நிறுத்தோணும்கற கவல ஆள்றவங்களுக்கு இல்லாம போனதுக்குக் காரணம் அந்தக் கச்சா எண்ணெய்க் காசுதான். கோபுரம் போயிருச்சு. ஒரு காலத்துல உலகத்துக்கே பனையெண்ணெய் அனுப்புன நாடு இப்ப வெளில இருந்து வாங்குது.

சரி, வெள்ளாமதான் போச்சுன்னு பாத்தா, மண்ணும் போச்சு. 2016க்கு பொறவு போர்ட் ஹார்கோர்ட்ல கரி பெய்ய ஆரம்பிச்சுச்சு. திருப்பூர்ல இருந்து எடுத்துட்டு போன வெள்ள பனியன தொவச்சு காலைல கயித்துல போட்டுட்டு வேலைக்கு போனா, சாயங்காலம் தோள்பட்டைல சாம்பல் நெறத்துல ஒரு கோடு இருக்கும். ஜன்னல் வலைய வெரல்ல தொட்டா மை மாதிரி ஒட்டும். காட்டுக்குள்ள திருட்டுத்தனமா கச்சா எண்ணெய காச்சறது, அத போலீசும் ராணுவமும் புடிச்சு அங்கயே எரிக்கறது, எல்லா கரியும் ஊருக்கு மேலதான். எண்ணெய் கெணத்துல வர்ற கேஸ வேற ராத்திரி பகல்னு எரிச்சுட்டே இருப்பாங்க, ராத்திரி வானம் ஒரு பக்கம் செவந்தே கெடக்கும்.

பக்கத்துலதான் ஒகோனி சனம் வாழற பகுதி. 2011ல ஐநா சுற்றுச்சூழல் அமைப்பு அங்க சோதன பண்ணி அறிக்கை குடுத்துச்சு, ஓகாலே பக்கம் சனம் குடிக்கற கெணத்துல பென்சீன்ங்கற நச்சு ரசாயனம் உலக சுகாதார நிறுவனத்தோட அளவ விட 900 மடங்குக்கு மேல, முழுசா சுத்தம் பண்ண 25ல இருந்து 30 வருசம் ஆகலாம்னு. போடோங்கற ஊர்ல 2008ல குழாய் ஒடஞ்சு ரெண்டு தடவ எண்ணெய் கொட்டி கழிமொகமே நாசமாச்சு, 2015ல ஷெல் கம்பெனி அஞ்சரக் கோடி பவுண்டு குடுக்க ஒத்துக்கிச்சு. எண்ணெய்யால வர்ற இந்த மாதிரி நாசத்த அப்பவே எதுத்துப் பேசுன ஒகோனி எழுத்தாளர் கென் சரோ-விவாவ 1995 நவம்பர்ல ராணுவ ஆட்சி இன்னும் எட்டுப் பேரோட சேத்து தூக்குல போட்டுச்சு. அவரு பேரச் சொல்றப்ப அங்க பெரியவங்க கொரல தாழ்த்திக்குவாங்க.

நமக்கு இது தொலவு கதை இல்லீங்க. நொய்யல் ஆத்துல இருக்கற ஒரத்துப்பாளையம் அணைத்தண்ணிய நம்பி வெள்ளாம பண்ணுனவங்கள கேளுங்க. எங்க பெரியம்மா தோட்டம் அக்கட்டதான், திருப்பூர் சாயப்பட்டறைத் தண்ணி வந்து தென்னங்குருத்து காஞ்சு, வாய்க்கா ஓரமெல்லாம் உப்பு வெள்ளையா பூத்துக் கெடந்தத சின்ன வயசுல இருந்து பாத்தவன் நான். 2011 ஜனவரில ஹைகோர்ட் சாயப்பட்டறைங்கள மூடச் சொன்ன பொறவுதான் கழிவுநீரே வெளிய விடக்கூடாதுங்கற மொறை கண்டிப்பாச்சு. பனியன் நம்மள வாழ வெச்சுதுங்க, அத மறுக்க மாட்டேன். நொய்யல் குடுத்த வெலையையும் மறக்க முடியாது.

இந்தக் கடைல எனக்குப் புடிச்சது இதுதான். கடலக்காய் சுத்துப்பட்டு மானாவாரிக் காட்டுல இருந்து வருது, எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டா கடைக்கார அக்கா மூட்டையத் தொட்டுக் காட்டி ஊர் பேர சொல்லுது. வெளஞ்ச எடத்துலயே ஆட்டறாங்க, எண்ணெய் சனத்துக்கு, புண்ணாக்கு மாட்டுக்கு, கடலக்காய் உரிச்ச பொட்டு கூட அடுப்புக்கு போயிருது, வெளில கொட்டறதுக்குன்னு ஒண்ணுமே இல்ல. கடலக்காய யாவாரிக்கு போட்டுட்டு எங்கயோ இருந்து கப்பல்ல வர்ற பாமாயில வாங்கறமே, அதுவும் கச்சா எண்ணெய வித்துட்டு பெட்ரோல் வாங்குன கதைதானுங்க.

ஒருநா செக்குல இருந்து எடுத்த புண்ணாக்கு சூடா இருந்துச்சு, ஒரு துண்டு வாயில போட்டேன். "ஏனுங் தம்பி, மாட்டுக்கு வெக்கறத திங்கறீங்க"ன்னுச்சு அக்கா. போர்ட் ஹார்கோர்ட் மார்க்கெட்ல வடக்கத்தி அம்மா ஒண்ணு 'குலி குலி'ன்னு விக்கும்னு சொன்னேன், கடலய அரச்சு கையாலயே எண்ணெய புழிஞ்சுட்டு, மிச்சத்த உருட்டி அந்த எண்ணெய்லயே பொரிக்கறது, மரவள்ளிக் கெழங்கு மாவு கரைசலோட கடிச்சுக்குவாங்க. அக்காவும் ஒரு துண்டு உப்பு தொட்டு தின்னு பாத்துட்டு, "நல்லாத்தான் இருக்குது, கொஞ்சம் வரமொளகா சேத்தோணும்"ன்னுச்சு. அங்கயும் மொளகா சேக்கறவங்க உண்டு.

கொற இல்லாம இல்ல. பிளாஸ்டிக் கேன்லதான் குடுக்கறாங்க, நாங்க எவர்சில்வர் தூக்கு கொண்டு போறோம், அத எடை போட்டுட்டு ஊத்தறதுக்கு கொஞ்சம் சலிச்சுக்கறாங்க. நல்லெண்ணெய் ரெண்டு தடவ கசப்பா இருந்துச்சு, கருப்பட்டி கம்மியா போட்டுட்டாங்கன்னு நெனைக்கறேன், சொன்னதும் மாத்திக் குடுத்தாங்க. செட்டுக்குள்ள தூசி, சத்தம், கொழந்தைங்கள கூட்டிட்டு போகாதீங்க. சொந்தக் கடலக்காய் கொண்டு போனா கூலிக்கு ஆட்டிக் குடுப்பாங்க, ஆனா 20 கிலோவுக்கு கொறையாம இருக்கோணும், நல்லா காஞ்சிருக்கோணும், ஈரமா இருந்தா திருப்பி அனுப்பிருவாங்க.

திங்கக்கெழம காங்கயம் சந்தை நாள்ல கூட்டம் சாஸ்தி. மத்த நாள்ல காலைல பதினொண்ணுக்குள்ள போனா அன்னிக்கு ஆட்டறத கண்ணால பாத்தே வாங்கலாம், புண்ணாக்கு வேணுங்கறவங்க மொத நாளே சொல்லி வெச்சுருங்க.