வால்வு ஆம்ப்புக்கு ஸ்பீக்கர் வாங்கப் போகிறீர்களா? "89 டெசிபல், 6 ஓம்" என்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள்

சென்னையில் ஒரு ஆடியோ ஷோரூம், 300பி சிங்கிள்-எண்டட் வால்வு ஆம்ப் (ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் 300பி என்ற ஒரே கண்ணாடி வால்வு, தருவது எட்டே வாட்) ஒன்றையும் ஒல்லியான டவர் ஸ்பீக்கர் ஜோடியையும் சேர்த்து, "மேட்ச் பண்ணின செட் சார்" என்று ஒருவருக்கு விற்றிருக்கிறது. விலை மூன்றரை லட்சத்துக்கு மேல். ஆம்ப்பில் பழுது இல்லை, ஸ்பீக்கரிலும் பழுது இல்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது, அவ்வளவுதான். ஆனால் இது விற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அடிப்படை விஷயம். இன்னொருவர் இப்படி மாட்டக்கூடாது என்பதற்காக, அளந்து பார்த்த எண்களோடு எழுதுகிறோம்.

முதலில் கடையில் போட்டுக் காட்டிய விதம். பத்துக்குப் பன்னிரண்டு அடி ஏ.சி. அறை. நாற்காலி ஸ்பீக்கரிலிருந்து ஆறடி தூரத்தில். ஒலித்தது தம்புராவோடு ஒரு தனிக்குரல், அப்புறம் தனி வீணை. அறை மூலையில் ஒரு கருப்புப் பெட்டி இருந்தது, அதில் சின்ன நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது தனி ஆம்ப் உள்ள சப்வூஃபர். அடித்தொனி முழுவதும் அதிலிருந்துதான் வந்திருக்கிறது. பில்லில் அது இல்லை, வாங்கியவரிடம் அதைப் பற்றி யாரும் சொல்லவும் இல்லை.

வீட்டு ஹால் 12க்கு 18 அடி, மேலே ஃபேன். நாகஸ்வரக் கச்சேரி ஒன்றைப் போட்டதும் குட்டு உடைந்தது. தவிலின் தொப்பியில் (அடித்தொனி தரும் இடப்பக்கத்தில்) குச்சி விழும்போதெல்லாம் ஒலி நசுங்கியது. நாகஸ்வரமோ காதைக் குத்தியது.

புகாருக்குக் கடை சொன்ன முதல் பதில்: "இருநூறு மணி நேரம் ஓடட்டும், பர்ன்-இன் ஆகணும்." இரண்டாவது: 18,000 ரூபாய்க்கு ஒரு ஸ்பீக்கர் கேபிள். மூன்றாவது: வால்வை மாற்றிப் பாருங்கள். பில்லில் திருப்பித் தர அனுமதித்த காலம் 7 நாள். தினம் மூன்று மணி நேரம் பாட்டு கேட்டாலும் இருநூறு மணி நேரம் முடிய இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். புது வூஃபரில் (அடித்தொனி தரும் ஸ்பீக்கரில்) கோனைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஓடஓடக் கொஞ்சம் இளகும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு; ஓமில் அளப்பது, ஒலியின் அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறுவது) தாழும் இடம் எத்தனை மணி நேரம் ஓட்டினாலும் மேலே ஏறாது. இந்த செட்டில் சிக்கலே அங்கேதான்.

பிரசுரத்தில் "89 டெசிபல்" என்று பெரிதாகவும், அதன் கீழே "2.83 வோல்ட், 1 மீட்டர்" என்று பொடியாகவும் அச்சிட்டிருக்கிறார்கள். அதாவது 2.83 வோல்ட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் கிடைக்கும் சத்தம் 89 டெசிபல். அந்தப் பொடி எழுத்தைப் படித்தாக வேண்டும். 2.83 வோல்ட் என்பது 8 ஓம் ஸ்பீக்கருக்குத்தான் 1 வாட். 4 ஓமுக்கு அதே வோல்ட் 2 வாட் ஆகிவிடும். வாட் இரண்டு மடங்கானால் 3 டெசிபல் கூடும். ஆகவே 4 ஓம் ஸ்பீக்கரில் 89 என்று போட்டிருந்தால், ஒரு வாட்டுக்கு அது தருவது 86தான். டிரான்சிஸ்டர் ஆம்ப் வைத்திருப்பவருக்கு இந்த வித்தியாசம் பெரிதல்ல. எட்டு வாட்டை நம்பி இருப்பவருக்கு இதுவே பாதி ஆம்ப் போன மாதிரி.

இந்த ஸ்பீக்கரும், 6 ஓம் என்று போட்டிருந்தாலும், அளவில் 4 ஓம் வகைதான்; அதைக் கீழே பார்ப்போம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 86 டெசிபலுக்கு மேல் 8 வாட் தருவது 9 டெசிபல், ஆக 95. இரண்டு ஸ்பீக்கருக்கு 3 சேர்த்தால் 98. மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், சாதாரண அறையில் ஐந்தாறு டெசிபல் குறையும். கடைசியில் நிற்பது 92 அல்லது 93, அதுவும் உச்சத்தில். தவிலோ மிருதங்கமோ வரும் நல்ல ஒலிப்பதிவில் உச்சம் சராசரியைவிட 15 டெசிபல் எளிதில் மேலே போகும். அப்படியானால் சராசரியை 77க்கு மேல் ஏற்றவே முடியாது. ஏற்றினால் ஒவ்வொரு அடியும் நசுங்கும். ஓடுகிற ஃபேனுக்கு அடியில் 77 ஒன்றும் பெரிய சத்தம் இல்லை.

அடுத்தது ஓம். பிரசுரத்தில் "6 ஓம் நாமினல்", அதாவது பெயரளவு எண். சர்வதேச அளவுமுறைப்படி, இம்பீடன்ஸ் நாமினல் எண்ணில் 80 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. 8 ஓம் என்றால் 6.4, 6 என்றால் 4.8, 4 என்றால் 3.2. இந்த ஸ்பீக்கரை அளந்தபோது 110 ஹெர்ட்ஸ் அருகில் 3.1 ஓம் வந்தது. 4 ஓம் என்று விற்கக்கூட இதற்குத் தகுதி பத்தாது. ஒரு டவரில் இரண்டு வூஃபரைப் பேரலலாகக் கோத்தால் இப்படித்தான் ஆகும்.

வால்வு ஆம்ப்பில் 4 ஓம், 8 ஓம் ஸ்பீக்கர்களுக்குத் தனித்தனி முனைகள் இருக்கும். இதைக் கொண்டுபோய் 8 ஓம் முனையில் மாட்டியிருந்தார்கள். இந்த ஆம்ப்பின் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் 8 ஓம் ஸ்பீக்கரை வால்வுக்கு 3,500 ஓமாகக் காட்டுவது. 8 இருக்க வேண்டிய இடத்தில் 3.1 வந்தால், வால்வு காண்பது 1,350 ஓம் சுமை. வாட் விழும், டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு) எகிறும்.

நாகஸ்வரம் குத்தியதற்குக் காரணம் வேறு. ஃபீட்பேக் (வெளிவருவதில் ஒரு பங்கை உள்ளே திருப்பிப் பிழை திருத்தும் சுற்று) இல்லாத 300பி ஆம்ப்புக்கு, 8 ஓம் முனையில் அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது ஆம்ப்பின் உள்ளேயே இருந்து வோல்டில் ஒரு பங்கைத் தின்னும் எதிர்ப்பு, ஏறத்தாழ 2.4 ஓம். ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் தாழும் இடத்தில் ஒலி குறையும், ஏறும் இடத்தில் கூடும். இந்த ஸ்பீக்கரில் கிராஸ்ஓவர் (அடித்தொனியும் மேல்தொனியும் வேறு வேறு கோன்களுக்குப் பிரியும் இடம்) இருக்கும் 2 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 24 ஓம். வகுத்துப் பார்த்தால் 110 ஹெர்ட்ஸில் 5 டெசிபல் இழப்பு, 2 கிலோஹெர்ட்ஸில் ஒரு டெசிபல்கூட இழப்பில்லை. தொப்பி மெலிந்து நாகஸ்வரம் தூக்கிக்கொண்டது இந்த 4 டெசிபல் ஏற்றத்தாழ்வால்தான். எந்தக் கேபிளும் இதைச் சரிசெய்யாது.

வாட் குறைவு என்பதே குறை என்று நினைத்துவிட வேண்டாம். அந்தக் காலத்து வால்வு ரேடியோ மூன்று நான்கு வாட்டில் வீடு முழுக்கக் கேட்டது. திருவிழாவில் தென்னை மரத்தில் கட்டிய கூம்பு ஸ்பீக்கர் அடுத்த ஊர்வரை கேட்டது. லேசான காகிதக் கோனும் கூம்பும் ஒவ்வொரு வாட்டிலிருந்தும் கூடுதல் ஒலியை எடுத்ததால்தான் அது முடிந்தது.

வாங்குவதற்கு முன்னால் ஒரு மல்டிமீட்டரைக் கையோடு எடுத்துப் போங்கள். இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வயரின் ஓமைக் குறித்துக்கொண்டு, ஸ்பீக்கர் டெர்மினலில் வரும் எண்ணிலிருந்து அதைக் கழியுங்கள். நிஜமான 8 ஓம் ஸ்பீக்கர் 5.5க்கும் 7க்கும் நடுவில் காட்டும். மேலே சொன்ன டவர் காட்டியது 2.7. அரை நிமிட வேலை. அங்கேயே தெரிந்திருக்கும்.

இன்னும் சரியாக அளக்க 10 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று போதும். அதை ஸ்பீக்கரோடு சீரிஸாகக் கோத்து ஒரு சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் மாட்டுங்கள். ஃபோனில் டோன் ஜெனரேட்டர் ஆப் வைத்து 60லிருந்து 400 ஹெர்ட்ஸ் வரை பத்துப் பத்தாக ஏற்றுங்கள். ரெசிஸ்டர் மேல் உள்ள ஏ.சி. வோல்டையும் ஸ்பீக்கர் மேல் உள்ளதையும் தனித்தனியாகக் குறியுங்கள். ஸ்பீக்கர் வோல்டை ரெசிஸ்டர் வோல்டால் வகுத்துப் பத்தால் பெருக்கினால் அந்த இடத்து ஓம் கிடைக்கும். மொத்தம் ஒரு வோல்ட் போதும், சத்தம் தேவையில்லை. ஏ.சி.யில் 200 வோல்ட் ரேஞ்சுக்குக் கீழே இல்லாத மலிவு மீட்டர் இதற்கு ஆகாது. 400 ஹெர்ட்ஸுக்கு மேல் பல மீட்டர்கள் தப்பாகக் காட்டும்.

எட்டு வாட் ஆம்ப்புக்கு, ஒரு வாட்டுக்கு 95 டெசிபலாவது தரும் ஸ்பீக்கர் வேண்டும். ஓம் 6க்குக் கீழே இறங்கக்கூடாது. எட்டு இஞ்ச் ஃபுல்-ரேஞ்ச் பெட்டி, ஹார்ன் வைத்த பெட்டி போன்றவை இந்த வகையில் வரும். இ.எல்.34 வால்வுகள் ஜோடியாக உழைக்கும் புஷ்-புல் ஆம்ப், 35 வாட் என்றால் 88, 89 போதும். டெசிபலைவிட ஓம் தாழாமல் இருப்பதுதான் முக்கியம் என்பதற்கு பி.பி.சி. வடிவமைத்த எல்.எஸ்.3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கர் நல்ல உதாரணம். 2.83 வோல்டுக்கு அது தருவது 83 டெசிபல்கூட எட்டாது. ஆனால் பழைய மாடலின் நாமினல் 15 ஓம். அதனால்தான் சின்ன அறையில் 30 வாட் வால்வு ஆம்ப்போடு அது அவ்வளவு இனிமையாகச் சேர்கிறது.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் வயரை 4 ஓம் முனைக்கு மாற்றுங்கள். மேலே சொன்ன செட்டில் சுமை 1,350லிருந்து 2,700 ஓமுக்கு ஏறியது, அவுட்புட் இம்பீடன்ஸும் பாதியானது, குத்தல் நன்றாகவே தணிந்தது. சத்தம் மட்டும் கூடவில்லை. மாற்றும்போது ஆம்ப்பை அணைத்துவிட்டே மாற்றுங்கள். ஸ்பீக்கர் மாட்டாமல் வால்வு ஆம்ப்பில் பாட்டு ஓடினால், டிரான்ஸ்ஃபார்மரில் எழும் வோல்டேஜ் அதன் இன்சுலேஷனையே துளைத்துவிடக்கூடும். அணைத்த பிறகும் உள்ளே 400 வோல்டுக்கு மேல் தங்கியிருக்கலாம், மூடியைத் திறக்காதீர்கள்.

செட்டைத் திரும்ப எடுக்க அந்தக் கடை 40 சதவீதம் கழிவு கேட்டிருக்கிறது. வாங்கியவர் ஒப்புக்கொள்ளாமல் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்திருக்கிறார். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக, புகாருக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம் உண்டு. பிரசுரம், பில், அளந்த எண்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. "மேட்ச் பண்ணின செட்" என்றும் "இருநூறு மணி நேரம் ஓடட்டும்" என்றும் கடை அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளும் தேதியோடு இருக்கின்றன.