ஆல்ப்ஸ்: ஸ்பின் மாதிரிகளுக்கான ஒரு கணிப்புத் தொகுப்பு

காந்தத்தை, மேலோ கீழோ நோக்கும் சிறு காந்த அம்புகளின் (ஸ்பின்களின்) தொகுப்பாகக் காண்பது ஐசிங் மாதிரி. அதைச் சதுர அணிக்கோவையில், அதாவது சதுரக் கட்டம் போன்ற புள்ளி அமைப்பில், கணினியில் ஓட்டுவது பெரிய வித்தையல்ல. பைத்தான் தெரிந்த முதுகலை மாணவர், ஸ்பின்களைத் தற்செயலாகத் திருப்பிப் பார்க்கும் மெட்ரோபோலிஸ் முறையை ஒரே மாலையில் ஐம்பது வரிகளுக்குள் எழுதிவிடுவார். அப்படியிருக்க, சுவிட்சர்லாந்தின் சூரிக் ஈடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பிற நாட்டினரும் சேர்ந்து உருவாக்கிய ஆல்ப்ஸ் என்னும் இலவசத் தொகுப்பை எதற்காக நிறுவ வேண்டும் என்ற ஐயத்தோடுதான் அதைத் திறந்தேன்.

முதல் பயிற்சிப் பாடத்திலேயே விடை கிடைத்தது. இயற்பியலாளர் ஒன்சாகர் 1944-இல் தீர்த்த இருபரிமாண ஐசிங் மாதிரியின் மாறுநிலை வெப்பநிலை, அதாவது காந்த ஒழுங்கு குலையும் வெப்பநிலை, ஸ்பின்களின் இணைவு வலிமையை அலகாகக் கொண்டால் சுமார் 2.269. அந்த வெப்பநிலையில் ஸ்பின்களை ஒவ்வொன்றாகத் திருப்பும்போது, அடுத்தடுத்த அளவீடுகள் ஒன்றையொன்று பெரிதும் ஒத்திருக்கின்றன. இந்த ஒப்புமை, அதாவது தன்னொட்டுறவு, நீடிக்கும் காலம் அணிக்கோவைப் பக்கத்தின் ஏறத்தாழ 2.17-ஆம் அடுக்காக வளர்வதால், பக்கத்தை இரட்டித்தால் காத்திருப்பு நான்கரை மடங்காகிறது. நாம் எழுதும் ஐம்பது வரி நிரல் இதைக் கண்டுகொள்ளாமல், எல்லா அளவீடுகளும் தனித்தனியானவை என்று பாவித்துப் பிழைவரம்பைச் சொல்லிவிடும். தன்னொட்டுறவு 50 சுற்றுகள் நீடித்தால் உண்மையான பிழை அதைப் போல சுமார் 10 மடங்கு இருக்கும். ஆல்ப்ஸ் அளவீடுகளைப் படிப்படியாகப் பெரிய தொகுதிகளாகச் சேர்த்துப் பிழையைக் கணிக்கிறது. பிழை நிலைபெறவில்லை என்றால் அதையும் முடிவுடன் சொல்லிவிடுகிறது. என்னைப் பொறுத்தவரை, வேகத்தைவிட இந்த நேர்மைக்காகவே இதை வைத்துக்கொள்ளலாம்.

வேகத்திலும் குறையில்லை. உள்ளீட்டில் ஒரே ஒரு சொல்லை மாற்றினால், ஒற்றை ஸ்பின்னுக்குப் பதிலாகக் கொத்துக் கொத்தாகத் திருப்பும் முறை வந்துவிடுகிறது. 1987-இல் சுவென்ட்சனும் வாங்கும் தொடங்கி, 1989-இல் வோல்ஃப் எளிமையாக்கிய வழி அது. ஒற்றைத் திருப்பல், கொத்துத் திருப்பல் இரண்டையும் ஒரே வரைபடத்தில் பார்க்கும் மாணவருக்குத் தனியாக விளக்கவுரை தேவைப்படாது.

உள்ளீட்டுச் சொற்கள் பழகச் சற்று நாளாகும். நிரல் எழுதாமலே அணிக்கோவை, மாதிரி, வெப்பநிலை ஆகியவற்றைக் குறிப்பிட்டால் போதும் என்பது உண்மைதான். ஆனால் அண்டை ஸ்பின்களுக்கு இடையிலான இணைவின் வலிமையைச் சொல்லும் மாறிலி J-யின் குறி தொல்லை தரக்கூடியது. செவ்வியல் ஸ்பின் நிரலில் நேர்க்குறி ஃபெரோகாந்தத்தை (அண்டை ஸ்பின்கள் ஒரே திசையில்) குறிக்க, குவாண்டம் நிரல்களில் அதே நேர்க்குறி எதிர்ஃபெரோகாந்தமாகிறது (எதிரெதிர் திசையில்). இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டுபவர்கள் இதைக் காகிதத்தில் எழுதி மேசையில் ஒட்டிவைக்கலாம். மூலநிரலிலிருந்து நிறுவுவது, பூஸ்ட் உள்ளிட்ட சி++ நூலகங்களைச் சார்ந்திருப்பதால், புதியவருக்கு அரை நாள் வேலை.

ஸ்பின் கண்ணாடி போன்ற, இணைவுகள் ஒன்றோடொன்று முரண்படும் அமைப்புகளுக்கு இந்தக் கொத்து முறை கைகொடுக்காது. அங்கே கொத்துகள் விரைவிலேயே அணிக்கோவை முழுவதையும் விழுங்கிவிடுவதால், திருப்பியும் பயனில்லை. அத்தகைய ஆய்வுக்கு வருபவர்கள் பல வெப்பநிலைகளுக்கிடையே நிலைகளை மாற்றிக்கொள்ளும் முறையை நாட வேண்டும்.

நான் என் ஐம்பது வரி நிரலை அழிக்கவில்லை. 4×4 அணிக்கோவையில் மொத்தம் 65,536 நிலைகளே உள்ளதால், அனைத்தையும் எண்ணிச் சரியான ஆற்றலைக் கண்டு, அதனுடன் ஆல்ப்ஸின் விடையையும் என் விடையையும் ஒப்பிட்ட பிறகே பெரிய அணிக்கோவைக்குப் போகிறேன்.