ஆச்சியின் குரல் கிடைத்த மாடிக்கடை

அப்பா இறந்து பதினோரு மாதம் கழித்துத்தான் அவருடைய பழைய சூட்கேஸைத் திறக்க எங்களுக்கு மனம் வந்தது. மஸ்கட்டிலிருந்து கடைசியாக ஊர் திரும்பியபோது அவர் கொண்டுவந்த சூட்கேஸ். அடியில் ஒரு துவர்த்துத் துண்டில் சுற்றிய ஏழு கேசட்டுகள் இருந்தன. ஆறு கேசட்டுகளின் மேல் அப்பாவின் சாய்ந்த கையெழுத்தில் ‘அம்மா’ என்றும், அதன் கீழே எண்ணும் ஆண்டும். ஏழாவதில் ‘அப்பா, 1990’ என்று மட்டும்.

இவற்றைக் கேட்பதற்கு மூன்று வழிகளில் முயன்றேன். முதல் இரண்டிலும் காசு போனது. ஒன்றில் இன்னும் பெரிய இழப்பு நேர்ந்திருக்கும். வீட்டுப் பரணில் இப்படி ஒரு மூட்டை வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

கேசட்டுகளில் இருப்பது என்ன என்று முதலில் சொல்ல வேண்டும். 1985இல் அப்பா மஸ்கட்டுக்குப் போனபோது எனக்கு ஐந்து வயது. அம்பாசமுத்திரத்து வீட்டில் ஆச்சி, தாத்தா, அம்மா, நான். வெளிநாட்டுக்குப் பேச வேண்டுமென்றால் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டும். ஆச்சிக்கு எழுதத் தெரியாது. எதிர்வீட்டு வாத்தியார்தான் எழுதிக் கொடுப்பார். அவர் முன்னால் எதைச் சொல்ல முடியுமோ அதை மட்டும்தான் ஆச்சியால் தன் மகனுக்குச் சொல்ல முடிந்தது. 1987இல் முதல் விடுமுறைக்கு வந்த அப்பா, வானொலியும் டேப் ரெக்கார்டரும் சேர்ந்த ஒரு டூ-இன்-ஒன் வாங்கி வந்தார். அன்றோடு வாத்தியாருக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆச்சி பெட்டிக்கு முன் சம்மணமிட்டு உட்கார்ந்து, சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் என்னை அழுத்தச் சொல்லிவிட்டுப் பேசுவாள். பசு கன்று போட்டது, ஆற்றில் வெள்ளம் வந்தது, அம்மாவுக்குத் தலைவலி நிற்காதது, மகன் தூங்கும் கட்டிலில் மூட்டைப்பூச்சி இருக்குமோ என்ற கவலை, எல்லாம். விடுமுறைக்கு வந்து திரும்பும் யாராவது ஒருவர் கையில் கேசட் போகும். புதுக் கேசட் இல்லாவிட்டால் சினிமாப் பாட்டுக் கேசட் ஒன்றை எடுத்து, மேல்விளிம்பில் இருக்கும், பதிவைத் தடுக்கும் இரண்டு பள்ளங்களிலும் காகிதத்தை அடைத்து, பாட்டின் மேலேயே பேசிவிடுவோம். ஆச்சியின் பேச்சு முடியும் இடத்தில் பாதிப் பாட்டு திடீரென்று எழும்பும்.

ஆச்சி 1998இல் போய்விட்டாள். தாத்தா அதற்கும் முன்பே, 1991இல்.

முதலில் இணையத்தில் 1,500 ரூபாய்க்கு ஒரு சிறு கருவி வாங்கினேன். கேசட்டைப் போட்டு யுஎஸ்பி வழியாகக் கணினியில் இணைத்தால் பதிவாகிவிடும் என்றார்கள். பதிவானது. ஆனால் ஆச்சியின் குரல் பள்ளிக்கூடச் சிறுமியின் குரலாக இருந்தது, என் குரல் குருவிக்குஞ்சின் கத்தலாக இருந்தது. மோட்டார் நாடாவை வேகமாக இழுத்தது. நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும், கொஞ்சம் மாறினாலும் குரல் மாறிவிடும் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. ஆனாலும் அந்தக் கருவிக்கு ஒரு விதத்தில் நன்றி சொல்ல வேண்டும். நான்காம் எண் கேசட்டை அதில்தான் முழுவதுமாகக் கேட்டேன். அதில் ஓரிடத்தில் ஆச்சி, “நீங்களும் பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்” என்கிறாள். பதில் இல்லை. ஊஞ்சல் சங்கிலி கிறீச்சிடுகிறது. ஒரு காக்கை கத்துகிறது. வெகுநேரம் கழித்து, தூரத்தில் ஓர் இருமல். அப்புறம், “சரி. உடம்பைப் பார்த்துக்கொள்.” அவ்வளவுதான் தாத்தா. அவர் அந்தப் பெட்டியின் பக்கமே வரமாட்டார்.

இரண்டாவதாக ஒரு ஸ்டூடியோ. பெயர் வேண்டாம். குளிர்சாதன வசதி, ரசீது, இரண்டே நாளில் பென் டிரைவ். நான்காம் எண் கேசட்டைத்தான் கொடுத்திருந்தேன். அறுபது நிமிட கேசட், நாற்பத்தொரு நிமிடக் கோப்பாகத் திரும்பி வந்தது. ஆச்சியின் குரல் பளிச்சென்று, வானொலி அறிவிப்பாளர் போல இருந்தது. ஊஞ்சல் இல்லை, காக்கை இல்லை. “ஒரு வார்த்தை சொல்லுங்கள்” என்றதும் அடுத்த நொடியே ஆச்சி மழையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டாள். கேட்டபோது, “இடைவெளிகளையும் இரைச்சலையும் எடுத்துவிடுவோம் மேடம், எல்லாருக்கும் அப்படித்தான் பிடிக்கும்” என்றார்கள். என் தாத்தா அவர்கள் மென்பொருளுக்கு இரைச்சல். கேசட் என் கையில் இருந்ததால் தப்பித்தேன். பதிவு முடிந்ததும் பழைய கேசட்டுகளைக் குப்பையில் போட்டுவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. தயவுசெய்து போடாதீர்கள்.

மூன்றாவது, சென்னை சிந்தாதிரிப்பேட்டையில், மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், ஒரு சந்து மாடியில் இருக்கும் கடை. பெயர்ப்பலகை கிடையாது. மாதத்துக்குச் சில கேசட்டுகளுக்கு மேல் செய்ய முடியாது, பெயரை எழுதாதீர்கள் என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. அறுபது வயதைத் தாண்டியவர், டேப் ரெக்கார்டர் பழுதுபார்த்து வாழ்ந்தவர். அந்தப் பகுதியில் கேசட் வேலை செய்பவர் யார் என்று பழைய கடைகளில் விசாரித்தால் வழி காட்டுவார்கள்.

அவர் செய்த முதல் காரியம், எதையும் ஓட விடாமல் வைத்ததுதான். ஒவ்வொரு கேசட்டாக வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடி ஜன்னல் வழியாக நாடாச் சுருளின் விளிம்பைப் பார்த்தார். வெள்ளைப் பூஞ்சை இருந்தால் ஓட விடக்கூடாதாம். நாடாவும் கெடும், அடுத்து அதே இயந்திரத்தில் ஓடும் கேசட்டுக்கும் தொற்றும். ஏழில் ஒன்றில் பூஞ்சை இருந்தது. இரண்டில், நாடாவை ஒலியைப் படிக்கும் ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சுத்துண்டு பசை காய்ந்து உதிர்ந்திருந்தது. இரண்டு வெற்றுக் கேசட்டுகளின் ஐந்தைந்து திருகாணிகளைக் கழற்றி, அவற்றிலிருந்து எடுத்துப் பொருத்தினார். பிறகு பூஞ்சை இல்லாத ஆறையும் ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் சுற்றினார். முப்பத்தைந்து வருடம் ஒரே இறுக்கத்தில் கிடந்த நாடாவை உடனே பாட விடக்கூடாது என்றார்.

அடுத்ததுதான் என்னை உட்கார வைத்தது. கேசட்டை ஓட்டும் டெக்கின் மூடியைக் கழற்றிவிட்டு, ஒரு மெல்லிய திருப்புளியால் ஹெட்டின் சாய்வை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். ஒவ்வொரு டேப் ரெக்கார்டரும் சற்று வேறு சாய்வில் பதியும். அந்தச் சாய்வைப் பிடித்தால்தான் மங்கல் விலகும். போர்வைக்குள்ளிருந்து பேசுவது போலிருந்த ஆச்சி, ஒரு கட்டத்தில் போர்வையை விலக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். வெற்றிலை மெல்லும்போது அவள் ‘ச’ என்று சொல்கிற அந்த ஈரமான ஒலி. அதை நான் மறந்திருந்தேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

வேகத்தைச் சரிசெய்த விதத்தையும் சொல்லியாக வேண்டும். இரண்டாம் எண் கேசட்டில், சரியான வேகத்தில் ஓடும் டெக்கிலும் ஆச்சியின் குரல் கீச்சென்றே இருந்தது. பதிவு செய்தபோது பேட்டரி தளர்ந்து நாடா மெதுவாக ஓடியிருக்கும் என்றார் அவர். நாடாவின் கடைசியில் வரும் சினிமாப் பாட்டை வைத்துச் சரிபார்க்கலாமே என்றேன். அது தொழிற்சாலையில் பதிந்தது, உங்கள் வீட்டுப் பெட்டியின் வேகம் அதில் இருக்காது என்று மறுத்தார். ஆச்சி பேசியது விடியற்காலையில். பக்கத்து வீட்டு வானொலியில், ஒலிபரப்புத் தொடங்கும் முன் வரும் அகில இந்திய வானொலியின் அடையாள இசை பின்னணியில் மெல்லியதாகக் கேட்கிறது. அதைத் தெளிவான ஒரு பதிவோடு பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒரே சுருதிக்கு வரும்வரை வேகத்தைக் குறைத்தார். ஸ்டூடியோக்காரர்கள் கழுவித் துடைத்திருக்கக்கூடிய இரைச்சல்தான் ஆச்சியின் சொந்தக் குரலை எனக்கு மீட்டுக் கொடுத்தது.

அவரிடம் நான் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: எதையும் வெட்டக்கூடாது. “வெட்டுவதற்கு நான் யாரம்மா” என்றார். சுருக்காத வேவ் கோப்பு ஒன்று, கைப்பேசியில் கேட்க எம்பி3 ஒன்று என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு கொடுத்தார். வேவ் கோப்பு மணிக்கு ஏறத்தாழ ஒரு ஜிபி ஆகும். இடம் அடைக்கிறதே என்று அதை அழித்துவிடாதீர்கள்.

குறைகளும் உண்டு. ஆறு கேசட்டுகளுக்கு ஏழு வாரம் ஆயிற்று. அறுபது நிமிட கேசட் அறுபது நிமிடம் ஓடித்தான் ஆக வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் நடுவில் மூன்று வாரம் அவர் தொலைபேசியையே எடுக்கவில்லை, நான் தூங்கவில்லை. ரசீது கிடையாது, ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். ரொக்கம் மட்டுமே. மாடிப்படி செங்குத்தானது, அம்மாவால் ஏற முடியவில்லை. கோப்புகளுக்கு வெறும் எண்களாகப் பெயர் வைத்திருந்தார், நான்தான் உட்கார்ந்து மாற்றினேன். அறுபது நிமிட கேசட்டுக்கு 400 ரூபாய், தொண்ணூறு நிமிடத்துக்கு 550. நான்குக்கும் இரண்டுக்கும் சேர்த்து 2,700, பஞ்சுத்துண்டு மாற்றியதற்கு 300, ஆக 3,000 ரூபாய். அவர் உழைப்புக்கு இது குறைவு என்றே நினைக்கிறேன்.

முதல் கோப்பை வீட்டில் எல்லோரும் சேர்ந்து கேட்டோம். ஏழு வயது நான் பதினாறாம் வாய்ப்பாடு சொல்கிறேன், நடுவில் தடுமாறுகிறேன். “ஏட்டி, அவசரப்படாதே, அப்பா எங்கேயும் போய்விட மாட்டான்” என்கிறாள் ஆச்சி. பிறகு நான் அடம்பிடித்ததால், நரியும் நண்டும் கதையை மகனுக்காக முழுவதும் சொல்கிறாள். நரியின் குரல் வரும் இடத்தில் நான் சிரித்துக்கொண்டே இருக்கிறேன். என் மகளுக்கு ஒன்பது வயது. தன் அம்மாவைச் சிறுபிள்ளையாகக் கேட்பது அவளுக்கு விநோதமாக இருந்தது. ஆனால் அவள் திரும்பத் திரும்ப ஓட விடச் சொன்னது கதையை அல்ல, நான்காம் எண்ணில் அந்த ஊஞ்சல் வரும் இடத்தை. “தாத்தா இப்போது பேசப் போகிறார்” என்று விரலை உயர்த்திக்கொண்டு காத்திருப்பாள். பேசியதும் தன் ஆச்சியின், அதாவது என் அம்மாவின், மடியில் சாய்ந்துகொள்வாள். சங்கிலிச் சத்தத்தைக் கேட்ட அம்மா, “இடது பக்கக் கொக்கி அது, எண்ணெய் போடச் சொல்லிக்கொண்டே இருந்தேன்” என்றாள்.

பூஞ்சை பிடித்த ஏழாவது கேசட் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. ‘அப்பா, 1990’ என்று எழுதியது. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு ஒரு டப்பாவில் மூடி வைத்திருக்கிறார். நன்றாகக் காய்ந்த பிறகு நாடாவைத் துடைத்து, கழித்துப்போட்ட ஒரு டெக்கில் ஓட்டிப் பார்ப்பாராம். வரும் என்று அவர் சொல்லவில்லை, வராது என்றும் சொல்லவில்லை. பெட்டியின் பக்கமே வராத மனிதர் அதற்குள் என்ன பேசியிருப்பார் என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. பொங்கலுக்குப் பிறகு வரச் சொல்லியிருக்கிறார். மகளுக்கு அன்று பள்ளி விடுமுறையாக இருக்கும்படி ஒரு சனிக்கிழமையைக் கேட்டு வாங்கியிருக்கிறேன்.